முதல் தேதிக் கையெழுத்து

3.2.1992

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பெட்டி வந்தது, ஸ்பானர் பை வந்தது, நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு மட்டும் பாதி வழியைத் தாண்டவில்லை. அறை மூன்றாவது மாடியில் கிடைத்திருக்கிறது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் கம்பெனி வைக்க வந்தவன் தினமும் அறுபத்து நான்கு படி ஏறுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கேட்டாயே, "நல்லாப் போய்க்கிட்டிருந்த வேலையை எதுக்குடா விட்டே?" என்று. பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீதான் என்னை உன் கம்பெனியில் சேர்த்துவிட்டாய். நான் போன நாள் ஒன்றாம் தேதி. மெக்கானிக்குகள் எல்லோரும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்தபடியே ஆளுக்கொரு கட்டு சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமை மெக்கானிக் எனக்கு ஸ்பானர் கொடுப்பார் என்று நின்றேன். பேனாவைக் கொடுத்தார். கார்டில் பன்னிரண்டு கட்டம். கயிறு சரி, பிரேக் சரி, கதவுப் பூட்டு சரி, கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவனைக் காப்பாற்றும் ஸ்டாப் சுவிட்ச் சரி. மாதம் பிறந்து அரை நாள்கூட ஆகவில்லை, பன்னிரண்டிலும் டிக் விழுந்திருந்தது.

"சார், நான் இன்னும் ஒரு லிஃப்டைக்கூடப் பார்க்கலியே" என்றேன்.

"பார்க்கத்தானே போறே? மாசம் பூரா இருக்கு. முதல்ல போடு" என்றார்.

நாற்பது கையெழுத்துப் போட்டேன். அந்த மாதம் நாங்கள் போய்ப் பார்த்தது பதினேழு லிஃப்ட். கை கூசியது என்று சொன்னால் நடிப்பாகத் தெரியும், ஆனால் கூசியது. ஒன்பது வருஷம் அப்படியே போட்டேன். போகப் போகக் கூசவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்தேன் அக்கா, அதனால்தான் விட்டேன்.

என் கம்பெனியில் ஒரே ஒரு சட்டம். கார்டு வெறுமையாக மெக்கானிக்கோடு மேலே ஏறும். பார்த்த பிறகு அங்கேயே டிக், அங்கேயே கையெழுத்து. கிரீஸ் விரல் படாத கார்டு திரும்பி வந்தால் வாங்கமாட்டேன்.

நம் கம்பெனி மேஜையில் கூட உட்கார்ந்த மீசை அண்ணனும் சொன்னபடி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். அவர் குடும்பம் அடுத்த மாதம் வருகிறது. "நீ முதலாளி, நான் தொழிலாளி, அதெல்லாம் சரி. ஆனா ஏணியை யாரு தூக்கறதுன்னு இப்பவே பேசிக்கலாம்" என்கிறார். இன்று நான்தான் தூக்கினேன்.

உன் அன்புத் தம்பி


14.2.1992

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில், இரண்டாம் தடவை கோபத்தில்.

அந்த டிக்கெல்லாம் யார் போட்டது என்று தெரிந்தேதான் எழுதினாயா? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இருநூற்று நாற்பது கார்டு. நான் ஒருத்திதான் போட்டேன். முதலாளி போடச் சொன்னார், போட்டேன். எல்லாம் ஒரே சாய்வு, ஒரே அளவு, கட்டத்தை விட்டு ஒரு டிக் வெளியே போனதில்லை. ஆபீசுக்கு வரும் பெரிய மனிதர்கள்கூட "யாரும்மா இது, அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிக்காட்டிவிட்டேன், போகட்டும்.

இருபத்தோரு வருஷத்தில் ஒருவர்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனமா அதிர்ஷ்டமா என்று நான் யோசித்ததில்லை. நீ எழுதிய பிறகு யோசிக்கிறேன். உன் சட்டம் நல்ல சட்டம்தான். விட்டுவிடாதே.

முதலாளி உன்மேல் எரிந்து விழுகிறார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கணக்கு மெஷின் ரிப்பேர் ஆனதும் பேசிவிட்டார். வேளைக்குச் சாப்பிடு. மீசைக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். அவர் மனைவி வந்ததும் ஒரு வரி எழுது.

உன் அக்கா


20.11.1993

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதவில்லை என்று நீ திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொள்கிறேன். நேரம் இல்லை என்பது பொய் இல்லை. இன்றோடு நாற்பத்தோரு லிஃப்ட்! என்னையும் மீசை அண்ணனையும் சேர்த்து நான்கு பேர்.

போன வாரம் ஒரு எட்டு மாடிக் கட்டடம் கிடைத்தது. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார், எதையும் தடவிப் பார்த்துத்தான் நம்புவார். பழைய கம்பெனிக்காரன் கொடுத்த கார்டையும் நாங்கள் வேறொரு கட்டடத்தில் போட்ட கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அது மடிப்புக் கலையாத வெள்ளை. நம்முடையதில் மீசை அண்ணனின் கட்டைவிரல் ரேகை முழுசாக இருந்தது. "இவன்தான்யா மேலே ஏறியிருக்கான்" என்று சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினார். அக்கா, அன்று நான் அறுபத்து நான்கு படியையும் ஓடியே ஏறினேன்.

மீசை அண்ணனோடு ஒரு தொல்லை, மனிதர் ரொம்ப மெதுவாக வேலை செய்கிறார். ஒரு லிஃப்டுக்கு ஒரு மணி நேரம் போதும், இவருக்கு மூன்று. கேட்டால், "என் பொண்டாட்டி இதுல ஏறினா எவ்வளவு நேரம் பார்ப்பேனோ அவ்வளவு நேரம்தான் பார்க்கறேன்" என்கிறார். முதலாளியான பிறகுதான் தெரிகிறது, நேர்மைக்கு எவ்வளவு மணி நேரம் பிடிக்கிறது என்று.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா இல்லையா?

உன் அன்புத் தம்பி


9.7.1994

என் அருமைத் தம்பிக்கு,

ஏழு மாதம் கழித்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் அச்சடித்த வரி நான்கு, நீ எழுதியது "உன் தம்பி" மட்டும். பெரிய மனிதன் ஆகிவிட்டாய், சந்தோஷம்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார். லிஃப்ட் கம்பெனியில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்க்கிறேன், எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. இதை டாக்டரிடம் சொன்னேன், மனிதர் மருந்துச் சீட்டை எழுதாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் போகமாட்டேன் என்கிறது. துணி துவைத்து, அறையைக் கூட்டி, இரண்டு பாத்திரத்தைத் தேய்த்தால் மணி பத்து. அதற்கப்புறம் நாள் முழுக்கக் கிடக்கிறது. எதிர்வீட்டு ரேடியோ என்ன பாடுகிறதோ அதைக் கேட்கிறேன். நீ இருந்தவரை உன் சட்டைக் காலரில் கிரீஸ் எடுக்கவே மத்தியானம் வரை ஆகும். அந்தக் கிரீஸைத் திட்டாத நாள் கிடையாது.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. குறைதான், ஆனாலும் அதற்காக எழுதவில்லை. மாதம் ஒரு கடிதம் போடு. இரண்டு வரி போதும்.

உன் அக்கா


2.6.1995

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பெரிய செய்தி, ஒரு பெரிய தலைவலி. இரண்டும் ஒன்றுதான்.

இங்கே பெரிய மருத்துவமனை ஒன்று தன் ஆறு லிஃப்டையும் எங்களிடம் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் நான்கு கட்டடம் வந்தது. மொத்தம் தொண்ணூறைத் தாண்டிவிட்டோம். ஆள் ஏழு பேர்தான். நல்ல மெக்கானிக் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது.

தலைவலி இதுதான். மருத்துவமனை ஆபீசில் எங்கள் கார்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "என்ன சார் இது, பஜ்ஜி சுத்தின பேப்பர் மாதிரி? எங்க ஃபைல்ல வைக்கவே முடியாது" என்று அங்கே உள்ள மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஐந்தாம் தேதிக்குள் அந்த மாதத்தின் கார்டுகள் சுத்தமாக, கையெழுத்தோடு ஃபைலில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. இதைப் பார்த்து மற்றக் கட்டடக்காரர்களும் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் தேதிக்குள் தொண்ணூறு லிஃப்டை யார் பார்க்க முடியும்?

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நானும் மூன்று நாள் யோசித்தேன். இது ஒரு தற்காலிக ஏற்பாடுதான். ஆள் சேர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். வேலை நடக்கத்தான் போகிறது, கார்டு மட்டும் முன்னால் போகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பையன்கள் டிக் போட்டால் கோழி கிளறியதுபோல் இருக்கிறது. அக்கா, உன் கை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெறும் கார்டுகளைப் பார்சலில் அனுப்பட்டுமா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பொழுது போகும். முடியாது என்றால் முடியாது என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அன்புத் தம்பி


13.6.1995

என் அருமைத் தம்பிக்கு,

உன் மூன்று பக்கக் கடிதத்தைப் பார்த்ததும், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துபோனேன். டிக் வேண்டும் என்பதற்கா மூன்று பக்கம்?

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீயே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டுப் போன பழக்கம். கிரீஸ் விரல் என்று என்னிடமே பிரசங்கம் செய்தவன் நீ. இதையெல்லாம் நாலு வரி எழுதி, கிழித்துப் போட்டேன்.

அனுப்பு. இருபதாம் தேதிக்குள் எனக்கு வந்து சேர வேண்டும், இருபத்தைந்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவேன். கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பாதே, மடங்கிவிடும். கட்டடம் வாரியாக அடுக்கி, அட்டை வைத்துக் கட்டு. மை நீலமா கறுப்பா என்று உன் மருத்துவமனையைக் கேட்டுச் சொல்.

பார்சலோடு ஒரு கடிதம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கார்டாகவே திருப்பி அனுப்புவேன்.

உன் அக்கா


18.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மாதப் பார்சல் இத்துடன். நூற்று முப்பத்திரண்டு. எண்ணிக்கை சரியா என்று பார்த்துக்கொள். போன மாதம் நீ அனுப்பிய கட்டைப் பார்த்து மருத்துவமனை மேலாளர் எனக்கே காபி வாங்கிக் கொடுத்தார். புதுப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டோம், அறைக்குள் எனக்கென்று கண்ணாடித் தடுப்பு, சுழல் நாற்காலி. வந்து பார், ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன்.

உனக்குச் சிரிப்பு வரும்படி ஒன்று. முதல் தேதி எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறோம், உன் ஆபீசில் மாதிரியே, டீயோடு. மீசை அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். "எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்கு தம்பி. கோளாறு இருந்தா நான் எங்க எழுதறது?" என்று கேட்டார். இப்போது கார்டின் பின்பக்கம் பென்சிலில் கதை எழுத ஆரம்பித்துவிட்டார். மருத்துவமனையின் நான்காம் நம்பர் லிஃப்டில் மேல் ஸ்டாப் சுவிட்ச் சில சமயம் பிடிப்பதில்லையாம். ஜூனில் எழுதினார், ஜூலையில் எழுதினார், இந்த மாதமும் எழுதியிருக்கிறார். நானே உட்கார்ந்து ரப்பரால் அழித்துவிட்டுத்தான் ஃபைலுக்கு அனுப்புகிறேன்.

சுவிட்சை மாற்ற வேண்டும்தான். அதற்கு லிஃப்டை ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும், மருத்துவமனை விடமாட்டேன் என்கிறது. அடுத்த மாதம் எப்படியாவது கேட்டு வாங்கிவிடுகிறேன்.

முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா?

உன் அன்புத் தம்பி


11.10.1996

அக்கா,

மீசை அண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலை பதினொரு மணி. நான்காம் நம்பர் லிஃப்டின் கூண்டுமேல் நின்று கதவுச் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஸ்டாப் சுவிட்சைத் திருப்பிவிட்டுத்தான் நின்றார், கூட இருந்தவன் பார்த்திருக்கிறான். அது பிடிக்கவில்லை. ஏழாவது மாடியில் யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது, டாக்டர்கள் இரண்டு நிமிஷத்தில் வந்தார்கள், அவர்கள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அவர் மனைவிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். கதவைத் திறந்ததும் "அவரு சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டுப் போயிட்டாரு, நீங்களே குடுத்துடறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு எழுத வரவில்லை.

தம்பி


16.10.1996

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்புப் பற்ற வைக்கவில்லை. எத்தனை வருஷம் எனக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர். அந்த அம்மாவுக்கு என்ன ஆறுதல் சொல்வது? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுது.

ஒன்று கேட்க வேண்டும். நான்காம் நம்பர் லிஃப்டின் அக்டோபர் கார்டு. அதில் ஸ்டாப் சுவிட்சுக்கு நேராக இருக்கிற டிக் என்னுடையதுதானே?

அக்கா


29.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது வெளியே யாருக்கும் தெரியாது, எங்கள் பையன்கள் சொல்லமாட்டார்கள்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்துவிட்டார். எல்லா ஃபைலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். டிக்கை மீசை அண்ணனே போட்டார் என்று சொல்லியிருக்கிறேன். கீழே இருக்கும் கையெழுத்து அவருடையதுதான், ஆகவே அது பொருந்துகிறது. சுவிட்ச் சரி என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு, அதைச் சோதிக்காமல் மேலே நின்றார் என்றால் அது அவருடைய கவனக்குறைவு. அப்படித்தான் எங்கள் வக்கீல் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கோளாறு இருப்பதாக அண்ணன் எழுதியதற்கு இப்போது எந்த அடையாளமும் இல்லை.

என்மேல் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். கொஞ்சம் யோசித்துப் பார். குற்றம் என்மேல் என்று வந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பதினொரு பேருக்கு வேலை போகும், பதினொரு வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணன் குடும்பத்தை நான் கைவிடமாட்டேன். சட்டப்படி இழப்பீடு கிடைக்காவிட்டாலும் நானாக என்னால் முடிந்ததைச் செய்வேன். போனவரை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

உன்னிடம் ஒரு உதவி. யாராவது வந்து கேட்டால் கார்டைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். என் பழைய கடிதங்களை நீ எடுத்து வைத்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். அடுப்பில் போட்டுவிடு. முக்கியமாக ஆகஸ்டில் எழுதியதை.

உன் தம்பி


23.11.1996

என் தம்பிக்கு,

உனக்குத் தெரியாமல் உன் ஊருக்கு வந்துவிட்டுப் போனேன். மன்னித்துக்கொள். உன் கண்ணாடித் தடுப்பைப் பார்க்க மனம் வரவில்லை. நேராக மீசைக்காரர் வீட்டுக்குப் போனேன்.

பழைய கம்பெனி கிளார்க் என்று சொன்னதும் அந்த அம்மா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். வாசலருகே அவருடைய செருப்பு இன்னும் இருக்கிறது. உன் கம்பெனி அனுப்பிய கடிதத்தை எடுத்துக் காட்டினார். "கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்க. எனக்குப் பணம் வராட்டி போகட்டும்க்கா. நாளைக்கு என் பிள்ளைங்க கிட்ட உங்கப்பா கவனமில்லாம செத்தாருன்னு நான் எப்படிச் சொல்வேன்? அவரு வீட்டுல கேஸ் அடுப்பை மூடிட்டு மூணு தடவை தொட்டுப் பார்ப்பாரு" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "டிக் போடறது நீங்கதானே?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவருதான் சொல்வாரு. முதல் தேதி வந்துட்டு, இன்னிக்கு அக்கா எழுத்தைப் பார்த்தேன், பழைய ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சுன்னு. அந்த எழுத்து மேல அவருக்கு ரொம்பப் பிரியம்" என்றார். அதில் கோபம் இல்லை தம்பி. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நாற்பது கையெழுத்துக்குக் கூசிய பையன் எங்கே போனான் என்று. உன்னை அந்த மேஜைக்கு அழைத்துக்கொண்டு போனவள் நான். அங்கே நீ லிஃப்ட் வேலையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, அதிர்ஷ்டத்தை நம்பி முதலாளியாக இருப்பது எப்படி என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டாய். தெரிந்தே வெளியே வந்த உன்னைத் திரும்ப அதிலேயே உட்காரவைத்ததும் நான்தான். நீ மாதம் ஒரு கடிதம் போடுவாய் என்கிற ஆசையில் எதையும் கேட்காமலே ஆயிரக்கணக்கில் டிக் போட்டேன். பென்சில் விஷயம் எழுதிய உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். அதை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கடிதங்களை எரிக்கவில்லை. மீசைக்காரர் மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது உன் ஆகஸ்ட் கடிதம் ஒன்றுதான். நான் போய் என் டிக் என்று மட்டும் சொன்னால் போதாது. கோளாறு தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல்தான் பழி போடுவார்கள்.

நீயே போய்ச் சொல். நான் உன்னோடு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம். உரிமம் போகட்டும், ஸ்பானர் பையோடுதானே போனாய், அது இருக்கிறது. டிசம்பர் பத்தாம் தேதி விசாரணை என்று அந்த அம்மா சொன்னார். அதுவரை பொறுக்கிறேன். நீ "வா" என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த வண்டியில் வந்து நிற்பேன்.

உன் அக்கா


4.12.1996

பெறுநர்: எழுத்தர் அவர்கள்
பார்வை: தங்களின் 23.11.1996 தேதியிட்ட கடிதம்

அம்மையீர்,

பார்வையில் கண்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் எமது நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்பதையும், எமது சர்வீஸ் கார்டுகளைப் பூர்த்தி செய்ய எக்காலத்திலும் எமது நிறுவனம் தங்களுக்கு அனுமதி அளிக்கவில்லை என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். தாங்கள் அவ்வாறு செய்திருப்பின் அது அனுமதியின்றிச் செய்யப்பட்ட செயலாகும். அதன் விளைவுகளுக்குத் தாங்களே முழுப் பொறுப்பாவீர்கள்.

விசாரணையில் இருக்கும் பொருள் குறித்து உண்மைக்குப் புறம்பான தகவல்களைத் தாங்கள் வெளியிட்டால், தங்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

இப்படிக்கு,
உரிமையாளர்


12.12.1996

தம்பிக்கு,

தட்டச்சுக் கடிதம் கிடைத்தது. வக்கீல் எழுதிக் கொடுத்ததை நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாய் என்று ஒரு நாள் முழுக்க நம்பிப் பார்த்தேன். பிறகு கூர்ந்து பார்த்தபோது "எக்காலத்திலும்" என்கிற சொல்லை நீ பேனாவால் இடையில் சேர்த்திருப்பது தெரிந்தது. படித்துத்தான் போட்டிருக்கிறாய்.

முந்தாநாள் விசாரணைக்குப் போனேன். நீ உன் வக்கீலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், திரும்பவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டதும் நீ வெளியே போய்விட்டாய். அதனால் உள்ளே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

வெற்றுக் கார்டு ஒன்றைக் கொடுத்து டிக் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு கட்டத்திலும் போட்டேன். அப்போதும் அதே சாய்வு, அதே அளவு. நம் பழைய கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் இதையே செய்தேன் என்பதையும் சொன்னேன். நேற்று முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பென்ஷன் வருமா என்று தெரியவில்லை. இதற்காக நீ எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் கடிதங்களைக் கொடுத்தேன். 1992லிருந்து எல்லாவற்றையும். ஆகஸ்ட் கடிதத்தில் பென்சில் என்று வருகிற இடத்தை அதிகாரி வாய்விட்டுப் படித்தார். அந்த அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். "இன்னொரு தடவை படிங்க சார்" என்று கேட்டார், அவர் மறுபடி படித்தார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதத்தையும் அந்த அம்மா கூடவே விரல்விட்டு எண்ணினார். மீசைக்காரர்மேல் தவறு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

உன்மேல் வழக்கு வரும் என்கிறார்கள். என்மேலும் வரும். அது வரட்டும்.

இனி எனக்கு எழுதாதே. நீ என்ன எழுதினாலும் அதை அவர்களிடம் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கொடுத்துவிடுவேன். விசாரணை முடிகிற வரைக்கும் என்று எழுதத்தான் நினைத்தேன். முடிந்த பிறகும் வேண்டாம்.

அக்கா